இடப்பக்கம் சுருண்ட அழுங்கு

அத்தியாயம் 6

அண்ணி துப்பறிந்த வழக்குகளில், அவருக்கு முன்பே எனக்குக் குற்றவாளி யாரென்று தெரிந்துபோனது ஒன்றே ஒன்றில்தான். அன்று பிற்பகல் இரண்டே முக்கால்வரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அண்ணி போய் ஒரு வருடமும் நான்கு மாதமும் ஆகின்றன. அவர் இருந்தபோது இதை எழுதியிருந்தால் பக்கத்துக்குப் பத்து இடத்தில் சிவப்புப் பேனாவால் கோடிழுத்து, "இது நடந்ததா, நடந்திருக்கணும்னு நீ நினைச்சதா?" என்று கேட்டிருப்பார். இப்போது கேட்க ஆளில்லை. அதனால் கூடுதல் கவனமாக எழுத வேண்டியிருக்கிறது.

டிரேட் மார்க் பதிவு அலுவலகத்தில் பதினாறு வருடம் இருந்தவர் அண்ணி. இரண்டு சோப்பு உறைகளை அருகருகே வைத்து, இதை அதுவென்று நினைத்து ஒருவர் ஏமாந்து வாங்குவாரா மாட்டாரா என்று சொல்வதுதான் வேலை. கைப்பையில் எப்போதும் ஓர் இரும்பு ஸ்கேல் இருக்கும். வேலையை விட்ட பிறகு, வீட்டில் கையால் பொருள் செய்து விற்பவர்களுக்காகத் துப்பறிய ஆரம்பித்தார். யார் எதைப் பார்த்து எதைச் செய்தார்கள் என்பதுதான் பெரும்பாலும் வழக்கு. சாவி செய்யும் கடைக்கு மேலே ஓர் அறை. நடுவில் ஒரு திரை. திரைக்கு இந்தப் பக்கம் அண்ணியின் அலுவலகம், அந்தப் பக்கம் என் போட்டோ ஸ்டுடியோ. அண்ணிக்கு வண்டி ஓட்டுவது, படம் எடுப்பது, வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்வது, மூன்றும் என் பொறுப்பு.

அன்று காலை பத்தரைக்கு நாங்கள் பொம்மை அக்காவின் வீட்டு முன்னறையில் இருந்தோம். பழைய கதவுப் பலகையைக் கால்கள் மேல் போட்டு வெட்டும் மேசையாக்கியிருந்தார். ஜன்னல்வரை அட்டைப் பெட்டிகள். இரண்டு தையல் மிஷின்களில் ஒன்றைப் படுக்கை விரிப்பால் போர்த்தி, முடிச்சுப் போட்டு வைத்திருந்தார். புருஷன் கப்பலில் வேலை. வருடத்துக்கு ஒரு முறை வருவார். வீடு ஓடுவது இந்த மேசையில்தான்.

"மொத்தம் இருநூத்திப் பன்னெண்டு, மேடம்" என்று பெட்டிகளைக் காட்டினார் அக்கா. "எல்லாம் அழுங்கு."

அழுங்கு என்றால் எறும்புத்தின்னி. உடம்பெல்லாம் செதில், பயந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும். தையற்கடைகளில் மிஞ்சும் துண்டுத் துணிகளைச் செதில் செதிலாக வெட்டி, வரிசை வரிசையாக அடுக்கித் தைத்து, அந்தப் பிராணியை அக்கா பொம்மையாக்கியிருந்தார். வாலை முகத்தின்மேல் மடக்கி ஒரு பட்டனில் மாட்டினால் பந்து. கழற்றினால் அழுங்கு. பட்டன்கூட அவர் செய்ததுதான். உடைந்த மாப்புக் கட்டையை வில்லை வில்லையாக அறுத்து, இரண்டு துளை போட்டு, எண்ணெய் தடவியது.

அக்காவின் கையில் ஒரு நோட்டீஸ் இருந்தது. பெரிய பொம்மைக் கம்பெனி ஒன்று அனுப்பியிருந்தது. அதே அழுங்கை அந்தக் கம்பெனி நான்கு மாதமாகக் கடைகளில் விற்கிறது. அதன் வடிவத்தைப் பதிவும் செய்திருக்கிறது. அக்கா அதைக் காப்பியடித்து இணையக் கடையில் விற்கிறாராம். அன்று மாலை ஐந்து மணிக்குள், 'ஆமாம், காப்பியடித்தேன், இனிச் செய்ய மாட்டேன், இருப்பை ஒப்படைக்கிறேன்' என்று கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் இணையக் கடையையே மூடச் செய்து, வழக்கும் போடுவார்களாம்.

"போட்டுக் குடுத்துடலாமான்னு இருக்கு" என்றார் அக்கா. "கோர்ட்டு வாசலெல்லாம் நான் பாத்ததில்ல."

"நல்லாத்தான் இருக்கும்க்கா. ஃபேன் ஓடாது, அவ்வளவுதான்" என்றேன்.

அண்ணி என்னைப் பார்க்காமலே, "தம்பி, அஞ்சு நிமிஷம் உன் வாய்க்கு லீவு குடு" என்றார். பிறகு அக்காவிடம், "நீங்க முதல்ல செஞ்சது எப்போ?"

"பதினாலு மாசம் இருக்கும். அவங்க பேப்பர்ல டிசைன் பண்ணின தேதி எட்டு மாசம் முன்னாடின்னு போட்டிருக்கு. ஆனா நான் விக்க ஆரம்பிச்சதே ஆறு மாசமாத்தான். அம்பது உருப்படி சேராம கடை திறக்கக் கூடாதுன்னு இருந்துட்டேன்."

"உரிமைங்கறது பதிவு பண்ணினாத்தான் வரும்னு இல்லம்மா. உங்க கையில உருவான அன்னிக்கே அது உங்களுது. ஆனா முதல்ல உருவானது உங்க கையிலதான்னு காட்டணும்."

"அதுக்குத்தானே உங்ககிட்ட வந்தேன்" என்று அக்கா என் பக்கம் திரும்பினார். "முதல் பொம்மைக்கு போட்டோ எடுத்ததே போட்டோ தம்பிதானே. என்கிட்ட இருக்கற பிரிண்டுல தேதி இல்ல. தம்பிகிட்ட ஒரிஜினல் இருக்கும். இருக்குல்ல தம்பி?"

"தேடிப் பாக்கறேன்க்கா" என்றேன். அப்போது அது பொய்யில்லை.

அண்ணி கேட்டார். "மாதிரிப் பொம்மை யார் கைக்காவது போயிருக்குமா?"

அக்காவின் முகம் மாறியது. போர்த்தியிருந்த மிஷினைக் கண்ணால் காட்டினார். "என் நாத்தனா. அவர் தங்கச்சி. எட்டு வருஷமா இதே வீட்ல என்கூட இருந்து தெச்சவ. அவளத் தவிர இந்தப் பேட்டர்னத் தொட்ட ஆள் கிடையாது. கடையில அந்தப் பொம்மையப் பாத்தன்னிக்கே கேட்டேன். இல்லவே இல்லன்னு அழுதா. வெளிய போன்னுட்டேன். இப்ப ஏதோ துணிக் கம்பெனியில தைக்கறாளாம். நாலு மாசமாச்சு."

"ரெண்டு பொம்மையும் குடுங்க" என்றார் அண்ணி.

அக்காவின் அழுங்கையும் கடையில் வாங்கிய கம்பெனி அழுங்கையும் மேசைமேல் எதிரெதிரே வைத்தார். வாலை மடக்கச் சொன்னார். நான் மடக்கினேன். அக்காவின் அழுங்கு வலப்பக்கமாகச் சுருண்டது. கம்பெனி அழுங்கு இடப்பக்கமாகச் சுருண்டது. இரண்டும் கண்ணாடிக்கு முன்னும் பின்னுமாக ஒரே பொம்மை நிற்பதுபோல் இருந்தன.

அண்ணி ஸ்கேலை எடுத்தார். செதில்களை எண்ணினார். இரண்டிலும் ஒன்பது வரிசை. ஐந்தாவது வரிசையில் ஒரு செதில் மட்டும் கட்டம்போட்ட துணி. அக்காவினதில் வலப்பக்கம், கம்பெனியினதில் இடப்பக்கம்.

"உங்க நாத்தனா எடுக்கல" என்றார் அண்ணி.

"எப்படிச் சொல்றீங்க?"

"பேட்டர்ன் பேப்பர் வெச்சு வெட்டினாலும் சரி, பொம்மையப் பிரிச்சுப் பாத்துத் தெச்சாலும் சரி, வலது வலதாத்தான் வரும். எட்டு வருஷம் தெச்ச கைக்கு அது தப்பாது. இதச் செஞ்சவங்க பொம்மையத் தொட்டதே இல்ல. படத்தப் பாத்திருக்காங்க. அதுவும் திருப்பிப் போட்ட படம்."

நான் ஜன்னலோரப் பெட்டிகளை எண்ண ஆரம்பித்தேன்.

படத்தைத் திருப்பிப் போடும் பழக்கம் எனக்கு உண்டு. ஆல்பத்தில் இடதுபக்கத் தாளில் வரும் பொருள் வலதுபக்கம் பார்க்க வேண்டும். வலதுபக்கத் தாளில் வருவது இடதுபக்கம் பார்க்க வேண்டும். முகம் தாளுக்கு வெளியே பார்த்தால் வாடிக்கையாளரின் கண்ணும் வெளியே போய்விடும் என்பது என் கொள்கை. ஸ்டுடியோவின் மாதிரி ஆல்பத்தில் பதினோராம் பக்கத்தில் அக்காவின் அழுங்கு இருந்தது. திருப்பிப் போட்டிருந்தேன். 'இன்னும் விக்க ஆரம்பிக்கல தம்பி, யாருக்கும் காட்டாதீங்க' என்று அக்கா சொல்லித்தான் பொம்மையைக் கொடுத்துவிட்டுப் போனார். நான் எடுத்த படம் என்னுடையதுதானே என்று நினைத்தேன். அந்தப் படத்துக்குள் இருந்தது யாருடையது என்று நினைக்கவில்லை.

அந்த ஆல்பத்தை மொத்தமாக ஒருவர் பென் டிரைவில் நகலெடுத்துக்கொண்டு போயிருந்தார். ஏதோ கேட்டலாக் வேலை என்றார். நானூறு பக்கம், முழுக்க எனக்கே தருவதாகச் சொன்னார். தலைக்கு அடித்த மை காதிலும் கொஞ்சம் இருந்தது. அதற்குப் பிறகு அவர் வரவே இல்லை.

"அக்கா, இப்பத்தான் ஞாபகம் வருது" என்று என் வாய் சொன்னது. "அந்த மெமரி கார்டு கெட்டுப்போச்சு. எதுவும் மிச்சமில்ல."

அது பொய். கார்டு என் மேசை இழுப்பறையில், பல் டாக்டர் ரசீதுக்கு அடியில் இருந்தது.

அக்கா நோட்டீஸை நான்காக மடித்தார். அது போதாதென்று எட்டாகவும் மடித்தார்.

படியிறங்கும்போது அண்ணி கேட்டார். "படத்த இப்படித் திருப்பிப் போடறவங்க யாரா இருப்பாங்க தம்பி?"

"வாழ்க்கையில கண்ணாடியே பாக்காதவங்களா இருக்கும் அண்ணி."

"ம்" என்றார் அண்ணி.

கம்பெனி ஆபீஸ் நகரத்தின் மறுகோடியில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் நான்காம் மாடி. போகிற வழியில் ஒரு டீக்கடையில் நிறுத்தச் சொன்னார். டீ வந்ததும், "கெட்டுப்போன கார்டுலேர்ந்து எடுத்துக் குடுக்கற ஆளுங்க இருக்காங்களாமே?" என்றார்.

"அவங்களே கைவிட்ட கார்டு அண்ணி அது. ஐசியூ வரைக்கும் போய்ட்டு வந்துச்சு."

அண்ணி டீயை ஊதிக்கொண்டே இருந்தார். அவர் டீயை அவ்வளவு நேரம் ஊதி நான் பார்த்ததில்லை.

கண்ணாடிக் கட்டடத்தில் சட்ட அதிகாரி எங்களை மரியாதையாகத்தான் உட்கார வைத்தார். மேசையில் கை கழுவும் திரவமும் ஒரு கம்பெனி அழுங்கும் இருந்தன. பேசுவதற்கு முன்னும் பின்னும் கையைத் துடைத்துக்கொண்டார்.

"பாருங்க மேடம், நாங்க யார் வயித்துலயும் அடிக்கற ஆளில்ல. சொந்த டிசைனர் வரைஞ்சது. தேதி போட்ட டிசைன் ஷீட் இருக்கு. பதிவு இருக்கு."

"பதிவப் பாக்கலாமா?"

கொடுத்தார். அண்ணி பதினாறு வருடம் படித்த வகைக் காகிதம். விரல் நேரே விவரணைப் பகுதிக்குப் போனது. உரக்கப் படித்தார். "'வால் நுனி, முகத்தின் இடப்புறம் பொருத்தப்பட்ட சாம்பல் நிற, விளிம்புள்ள, நான்கு துளைப் பட்டனில் மாட்டப்படும். இப்பட்டன் இவ்வடிவத்தின் தனித்தன்மையான அம்சமாகும்.'" நிமிர்ந்து, "ஏன் சாம்பல்?" என்று கேட்டார்.

"அது டிசைனரைத்தான் கேக்கணும்" என்று சட்ட அதிகாரி போனை எடுத்தார்.

நான் மேசையிலிருந்த அழுங்கைப் பார்த்தேன். காலையில் அக்கா வீட்டில் வலது இடதைப் பார்த்த பதற்றத்தில் பட்டனை நான் கவனிக்கவே இல்லை. இப்போது பார்த்தேன். சாம்பல் நிறம். மெல்லிய விளிம்பு. நான்கு துளை.

படம் எடுத்த அன்று கடைசிப் படத்துக்கு முன்னால் அக்காவின் மரப் பட்டன் தெறித்து எங்கேயோ உருண்டுவிட்டது. வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. தேட நேரமில்லை. என் சட்டையின் இடது கைப் பட்டனைப் பிய்த்து அழுங்குக்குத் தைத்து, அந்த ஒரு படத்தை எடுத்தேன். மறுநாள் மேசைக்கு அடியில் மரப் பட்டன் கிடைத்தது. திரும்பத் தைத்துக் கொடுத்துவிட்டேன். அக்காவுக்கு அது தெரியவே தெரியாது. அந்தக் கடைசிப் படம்தான் அழகாக வந்திருந்தது. ஆல்பத்துக்குப் போனது அதுதான்.

ஆயிரக்கணக்கில் அழுங்கு செய்து, ஒவ்வொன்றிலும் என் சட்டைப் பட்டனை அச்சுப் பிசகாமல் வார்த்து வைத்து, அதற்குச் சட்டப் பாதுகாப்பும் வாங்கியிருக்கிறார்கள். வேறு நாளாக இருந்தால் இதை வைத்து ஒரு வருடத்துக்கு அண்ணியைச் சிரிக்க வைத்திருப்பேன். அன்று என் இடது கை தானாக மேசைக்கு அடியில் போயிற்று. நான் போட்டிருந்தது அந்தச் சட்டைதான்.

கதவைத் திறந்துகொண்டு டிசைனர் வந்தார். தலைக்கு அடித்த மை அப்படியே இருந்தது. இந்த முறை காது சுத்தம். என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். இருவரும் ஒருவரையொருவர் முதல்முறை பார்க்கிற மாதிரி வணக்கம் சொல்லிக்கொண்டோம். திருடனும் திருட்டுக்குக் கதவு திறந்து வைத்தவனும் அதைவிட மரியாதையாக நடந்துகொள்ள முடியாது.

"இவ்வளவு நிறத் துணி இருக்கற பொம்மைக்கு ஏன் சாம்பல் பட்டன்?" என்றார் அண்ணி.

"காண்ட்ராஸ்ட் மேடம்."

"மரம் வெச்சிருக்கலாமே. மண்ணுல திரியற பிராணி."

"மரம் ரொம்ப... யோசிச்சேன். சரியா வரல."

"நாலு துளை பட்டன் அழுத்தமா நிக்கும். வாலை மாட்டறது, எடுக்கறதுக்கு ரெண்டு துளைதான் தோது. அசைஞ்சு குடுக்கும். நீங்களே தெச்சுப் பாத்தீங்களா?"

"ஃபேக்டரியில பாத்துக்குவாங்க மேடம். நான் வரையறதோட சரி."

"எதப் பாத்து வரைஞ்சீங்க?"

மைத்தலை என்னைப் பார்த்தார். ஒரே ஒரு கணம். "மனசுல தோணினது" என்றார்.

அந்தக் கணத்தில் நான் வாயைத் திறந்திருக்கலாம். அறையில் நான்கு பேர். அதில் இரண்டு பேருக்கு உண்மை தெரியும். மூன்றாமவர் அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார். நான் அழுங்கின் வாலைக் கழற்றி மாட்டிக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

சட்ட அதிகாரி கையைத் துடைத்துக்கொண்டார். "தேதியோட ஏதாவது ஆதாரம் இருந்தா கொண்டுவாங்க மேடம். எங்க டிசைன் ஷீட்டுக்கு முன்னாடி தேதி இருந்தா, நானே நோட்டீஸ நிறுத்தி வைக்கறேன். இல்லேன்னா அஞ்சு மணி."

லிஃப்டில் நாங்கள் இருவர் மட்டும். எண்கள் இறங்கிக்கொண்டிருந்தன.

"டிசைனரப் பாத்தியா?" என்றார் அண்ணி.

"பாத்தேன். சொந்தமாத் தோணினது அந்தத் தலைமுடி நிறம் ஒண்ணுதான்."

அண்ணி சிரிக்கவில்லை. லிஃப்ட் கதவு திறந்தது. நேராக வண்டி நிறுத்துமிடத்துக்கு நடந்தார். வண்டி அருகே போனதும் நின்றார்.

"கைய நீட்டு."

"எந்தக் கை அண்ணி?"

"மேசைக்கு அடியில ஒளிச்சு வெச்சியே, அது."

நீட்டினேன். சட்டை முழுக்கச் சாம்பல் பட்டன்கள். இடது கையில் மட்டும் பிரவுன்.

"இந்தப் பிரவுன் பட்டனத் தெச்சது நான்தான்" என்றார். "போன வருஷம். 'சாம்பல் எங்கடா போச்சு'ன்னு கேட்டேன். 'கலைக்குக் காணிக்கை குடுத்துட்டேன் அண்ணி'ன்னு சொன்ன. நான் சிரிச்சேன்."

நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அவர்தான் விட்டார்.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"காலையில ரெண்டு பொம்மையையும் எதிரெதிரே வெச்சப்பவே. திரைக்கு இந்தப் பக்கம் உக்காந்து உன் ஆல்பத்த எத்தனை தடவை புரட்டியிருப்பேன்? உன் ஆல்பத்துல எல்லா மிருகமும் நடுக்கோட்டத்தான் பாக்கும்."

"அப்புறம் எதுக்கு இவ்வளவு தூரம் வந்தோம்?"

"நீ பாக்கணும்னு. படியில ஒரு தடவை கேட்டேன். டீக்கடையில ஒரு தடவை. லிஃப்டுல ஒரு தடவை. மூணு தடவையும் ஜோக் சொன்ன." அண்ணியின் குரல் உயரவே இல்லை. உயர்ந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். "நல்ல ஜோக்குதான். வேற ஆளா இருந்தா சிரிச்சிருப்பேன்."

"நான் விக்கல அண்ணி. சத்தியமா. கேட்டலாக் வேலை தர்றேன்னான். வேலையக் காட்டுறதுக்காகக் குடுத்தேன். இப்படி ஆகும்னு..."

"அது தப்பு. தெரியாம நடந்தது. கார்டு கெட்டுப்போச்சுன்னு சொன்னியே, அது?"

நான் வண்டிச் சாவியை எடுத்து, மறுபடியும் பைக்குள்ளேயே போட்டேன்.

"வெளிய தெரிஞ்சா ஒருத்தர் உன்கிட்ட பொருள் குடுத்து போட்டோ எடுக்க மாட்டாங்க. ஸ்டுடியோ படுத்துடும். அது எனக்கும் தெரியும்" என்றார். "இப்ப மணி ரெண்டே முக்கால். நான் கண்டுபிடிச்சத வெச்சு ஒண்ணும் பண்ண முடியாது. ஒரு பட்டன், ஒரு யூகம். தேதி கார்டுலதான் இருக்கு. கார்டு உன்கிட்ட இருக்கு. இதுக்கு மேல துப்பறியறதுக்கு ஒண்ணுமில்ல தம்பி. நான் அந்தம்மாவுக்கு போன் பண்ணி, என்னால முடியலன்னு சொல்லணுமா, வேணாமா?"

"வேணாம்" என்றேன்.

இழுப்பறையிலிருந்து கார்டை எடுத்துக்கொண்டு நான் மட்டும் அக்கா வீட்டுக்கு மாடியேறியபோது மணி மூன்றே முக்கால். அண்ணி கீழேயே நின்றுகொண்டார். 'நானும் வரட்டுமா?' என்று கேட்கவில்லை.

அக்கா மேசையில் கம்பெனி கேட்ட ஒப்புதல் கடிதத்தை விரித்து வைத்திருந்தார். கையெழுத்துப் போடும் இடத்தில் பேனா நுனி பட்ட ஒரு புள்ளி இருந்தது. நான் உட்காராமல் சொன்னேன். ஆல்பம், பென் டிரைவ், பட்டன், கார்டு. நடுவில் ஜோக் எதுவும் வரவில்லை. வரும் வரும் என்று பயந்துகொண்டேதான் பேசினேன்.

கணினியில் கார்டைப் போட்டுக் காட்டினேன். முதல் படத்தில் வலப்பக்கம் சுருண்ட அழுங்கு, மரப் பட்டனோடு. கடைசிப் படத்தில் அதே அழுங்கு, சாம்பல் பட்டனோடு; இது திருப்பிப் போடாத மூலப் படம். பக்கத்தில் தேதி. கம்பெனி ஷீட்டுக்கு ஆறு மாதம் முந்தியது. கடைசிப் படத்தின் ஓரத்தில் என் சட்டைக் கையும் விழுந்திருந்தது. பட்டன் இருக்க வேண்டிய இடத்தில் நூல் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது.

நடந்ததை எல்லாம் ஒரு தாளில் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டேன். படங்களையும் அதையும் சட்ட அதிகாரிக்கும் அக்காவின் கடை இருக்கும் இணையச் சந்தைக்கும் அனுப்பினோம். நான்கு முப்பத்தெட்டு. ஐந்து மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கையில் பதில் வந்தது. விசாரணை முடியும்வரை நோட்டீஸ் நிறுத்திவைக்கப்படுகிறது. சம்பந்தப்பட்ட டிசைனரிடம் விளக்கம் கேட்கப்பட்டுள்ளது. அக்காவின் கடை திறந்தே இருக்கலாம்.

அக்கா அதை இரண்டு முறை படித்தார். மேசைமேல் இருந்த கடிதத்தை எடுத்துக் கிழித்தார். இருநூற்றுப் பன்னிரண்டு அழுங்குகளும் தப்பித்தன. என்னைத் திட்டப் போகிறார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது.

அவர் பார்வை போர்த்தி வைத்த மிஷின்மேல் இருந்தது.

"அவ அன்னிக்கு மூணு பையத் தூக்கிட்டு இறங்கினா" என்றார். "நாலாவது பைய நான் படியில வெச்சேன். வந்து எடுத்துக்கட்டும்னு. மழை வந்துச்சு."

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கிளம்புங்க தம்பி" என்றார். "என்கூட வாங்க. எனக்குச் சொன்னத அவளுக்கும் சொல்லணும். நான் சொன்னா மன்னிப்புக் கேக்கற மாதிரிதான் இருக்கும். நடந்தது என்னன்னு அவளுக்குத் தெரியணும்."

நாத்தனார் இருந்தது துணிக் கம்பெனிக்குப் பின்னால் ஒரு தெருவில், மாடியில் ஒற்றை அறை. அக்கா ஆட்டோவில் வந்தார். நானும் அண்ணியும் வண்டியில் பின்னால் வந்தோம். இந்த முறையும் அண்ணி கீழேயே நின்றார். அக்காவும் நானும் ஏறினோம்.

கதவைத் திறந்தவளுக்கு என் வயதுதான் இருக்கும். வேலை முடிந்து வந்தவள், கழுத்தில் இன்னும் அளவு நாடா தொங்கியது. அக்காவைப் பார்த்ததும் ஒரு கை தானாகக் கதவைப் பிடித்துக்கொண்டது. சாத்துவதற்கா, விழாமல் இருப்பதற்கா என்று தெரியவில்லை.

"இவர் சொல்றதக் கேளு" என்றார் அக்கா. அதற்கு மேல் அவரால் முடியவில்லை.

இரண்டாவது முறை சொன்னேன். முதல் முறையைவிடக் கஷ்டமாக இருந்தது. அக்காவிடம் சொன்னபோது காப்பாற்ற இருநூற்றுப் பன்னிரண்டு பொம்மைகள் இருந்தன. இங்கே சொல்வதால் எதுவும் தப்பப் போவதில்லை. அவளுக்கு நடந்தது நடந்து முடிந்திருந்தது.

முழுக்கக் கேட்டாள். ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"இன்னிக்குக் காலையில."

"காலையிலயேவா." என்னிடம் பேசுகிறாளா, தனக்குத்தானே பேசிக்கொள்கிறாளா என்று தெரியாத குரலில் சொன்னாள். "நாலு மாசமா நான் யார்கிட்ட சொன்னேன்னு யோசிச்சுட்டே இருந்தேன். பஸ்ல பக்கத்துல உக்காந்தவங்ககிட்டயா, துணி வாங்கப் போன இடத்துலயான்னு. அண்ணி பொய் சொல்ல மாட்டாங்கல்ல. அதனால எங்கயோ நான்தான் வாய் தவறிச் சொல்லியிருக்கணும்னு முடிவே பண்ணிட்டேன். போன வாரம் அண்ணனுக்கு லெட்டர்கூட எழுதிட்டேன். நான்தான் பண்ணினேன், மன்னிச்சுடுங்கன்னு."

அவள் சொன்ன அண்ணி, பக்கத்தில் நின்ற அக்காதான். அக்கா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"உள்ள வாங்க அண்ணி" என்றாள் அவள்.

அக்கா உள்ளே போனார். என்னை வரச் சொல்லவில்லை. போகவும் சொல்லவில்லை. கதவு திறந்தே இருந்தது. உள்ளே இரண்டு பேரும் கட்டிலின் இரண்டு ஓரங்களில் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. சிறிது நேரம் நின்றுவிட்டு இறங்கினேன்.

அண்ணி வண்டிமேல் சாய்ந்து, எதிர்க் கடையின் பெயர்ப்பலகையைப் படித்துக்கொண்டிருந்தார்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"லேசா இருக்கா?"

"இல்ல அண்ணி."

"இருக்கக் கூடாது" என்றார் அண்ணி. "ஏறு, போலாம்."